இந்த சுவிட்ச் ரவுட் பண்ணுமா?

போன சனிக்கிழமை மதியம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறான், அவன் அனுப்பியது. படத்தில் பழைய சிஸ்கோ சுவிட்ச், 24 போர்ட், ஓரத்தில் கடைக்காரரின் கை. கீழே இப்படி எழுதியிருந்தான்: "அண்ணா, இது எல்3யா? கடையில ரவுட்டிங் இருக்குன்னு சொல்றாங்க, நெட்ல தேடினா எல்2ன்னு போட்டிருக்கு. யாரை நம்புறது?"

எல்2 என்றால் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் வன்பொருள் எண்) பார்த்து ஒரே நெட்வொர்க்குக்குள் பாக்கெட் அனுப்புவது, எல்3 என்றால் ஐபி முகவரியைப் பார்த்து ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது, அதாவது ரவுட்டிங். கேட்டதில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு இரண்டு பதிலும் சரி. போனில் அரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்தபோதுதான் தோன்றியது, வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறேன், ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் என்ன என்று. அதனால் இது.

முதலில் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரே சுவிட்சின் போர்ட்களை விலான் 10, விலான் 20 என்று தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டால் அவை இரண்டு தனித்தனி ஊர்கள் மாதிரி. ஒன்றிலிருக்கும் கம்ப்யூட்டர் மற்றதிலிருக்கும் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் நடுவில் யாரோ ஒருவர் பாக்கெட்டை வாங்கி, ஐபி முகவரியைப் பார்த்து, பழைய மேக் முகவரிகளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டி, டிடிஎல்லில் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) ஒன்றைக் குறைத்து, அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். அந்த வேலையை சுவிட்சே செய்யுமா, இல்லை வெளியே ஒரு ரவுட்டரோ ஃபயர்வாலோ செய்ய வேண்டுமா, இதுதான் கேள்வி. விலான் பிரிக்கத் தெரிந்ததாலேயே ஒரு சுவிட்ச் விலான்களுக்கு நடுவே ரவுட் பண்ணிவிடாது. இதை நிறைய பேர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

குழப்பம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. சுவிட்சுக்கு ஐபி முகவரி கொடுக்க முடிகிறதே, அப்போது அது எல்3 தானே என்று கேட்பார்கள். அந்த ஐபி நாம் உள்ளே போய் சுவிட்சைப் பார்ப்பதற்கு, அவ்வளவுதான். அதில் போடும் டிஃபால்ட் கேட்வேயும் (வேறு நெட்வொர்க்குக்குப் போக பாக்கெட்டை முதலில் கொடுக்க வேண்டிய முகவரி) சுவிட்ச் தானே அனுப்புகிற பாக்கெட்டுக்கு மட்டும், உங்கள் கம்ப்யூட்டரின் பாக்கெட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் டேட்டாஷீட். அதில் "எல்3 க்யூஓஎஸ்", "எல்3, எல்4 ஏசிஎல்", "ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்" என்று எங்காவது எல்3 என்ற எழுத்து கண்ணில் பட்டதும் ரவுட்டிங் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதலாவது எந்த பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்பது, இரண்டாவது எதை விடுவது எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல், மூன்றாவது பலருக்குப் போகும் பாக்கெட்டைக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவது. இவை மூன்றும் பாக்கெட்டின் ஐபி தலைப்பைப் படிக்கத் தெரியும் என்றுதான் சொல்கின்றன. கடிதத்தின் மேல் எழுதிய முகவரியைப் படிக்கத் தெரிந்தவர் எல்லாம் தபால்காரர் ஆகிவிட மாட்டார். டேட்டாஷீட்டில் நீங்கள் தேட வேண்டியது வேறு: "ஸ்டேட்டிக் ரவுட்", "இன்டர்-விலான் ரவுட்டிங்", "ரவுட்டிங் டேபிள் சைஸ்", "ஏஆர்பி என்ட்ரீஸ்". எத்தனை ரவுட் தாங்கும் என்று ஒரு எண் போட்டிருந்தால் ரவுட்டிங் இருக்கிறது. எண்ணே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஃபார்வர்டிங் ரேட் இத்தனை மில்லியன் பாக்கெட் என்று போட்டிருப்பதும் இதற்கு உதவாது. ஒரு ஜிகாபிட் போர்ட்டில் மிகச் சிறிய பாக்கெட்டாக அனுப்பினால் நொடிக்கு 14.88 லட்சம் போகும், 24 போர்ட்டுக்குப் பெருக்கினால் 35.7 மில்லியன், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. சாதாரண எல்2 சுவிட்சும் அதே எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

சரி, தம்பியின் பெட்டிக்கு வருவோம். பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டபிள்யூஎஸ்-சி2960எஸ்-24டிஎஸ்-எல். இதில் கடைசி எழுத்து முக்கியம். 2960 வரிசையில் கடைசியில் எல் என்றால் லான் பேஸ், எஸ் என்றால் லான் லைட். இரண்டும் உள்ளே வரும் மென்பொருளின் படிகள், லான் லைட் கீழ்ப்படி. இதைப் பாடமாக்கி எல்லாவற்றுக்கும் பொருத்தினால் மாட்டிக்கொள்வோம். 3560இல் கடைசியில் எஸ் என்றால் ஐபி பேஸ், அதாவது ரவுட்டிங் தாராளமாக உண்டு. இ என்றால் அதற்கும் மேலே, ஐபி சர்வீசஸ். இன்றைய 9300இல் அதே இ என்ற எழுத்து நெட்வொர்க் எசென்ஷியல்ஸ், அதாவது கீழ்ப்படி, மேல்படிக்கு ஏ. எழுத்து ஒன்றேதான், வரிசைக்கு வரிசை பொருள் தலைகீழாகிறது. பழைய சாமான் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், 2960இல் எஸ் போட்டதைக் கொண்டுபோய், 3560இல் எஸ் நன்றாக ஓடியதே என்று ராக்கில் ஏற்றி, அப்புறம் திண்டாட வேண்டியதுதான்.

ஸ்டிக்கரும் முழு உண்மை சொல்லாது. உள்ளே ஓடும் மென்பொருளை யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் கன்சோல் போட்டே, அதாவது லேப்டாப்பை சுவிட்சின் கன்சோல் போர்ட்டில் நேரடியாக இணைத்தே ஆக வேண்டும். நீல நிற கன்சோல் கேபிள், 9600 வேகம், லேப்டாப்பில் புட்டி என்ற மென்பொருள். கடையிலேயே மோட் பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய கான்ஃபிகை அழித்து வைத்திருந்தார்கள், பாஸ்வேர்ட் தொந்தரவு இல்லை. முதல் கட்டளை எப்போதும் "ஷோ வெர்ஷன்". 3560, 3750 காலத்துப் பெட்டிகளில் இமேஜ் பெயரிலேயே ஐபிபேஸ் என்றோ ஐபிசர்வீசஸ் என்றோ எழுதியிருக்கும், லான்பேஸ் என்றிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்தியவற்றில் யூனிவர்சல் என்று மட்டும் இருக்கும், அப்போது "ஷோ லைசென்ஸ்" என்று கேட்டு எந்தப் படி என்று பார்க்க வேண்டும். தம்பியின் பெட்டியில் யூனிவர்சல்கே9, வெர்ஷன் 15.0(2)எஸ்இ.

அடுத்து அவனைக் கான்ஃபிக் மோடுக்குப் போய் "ஐபி ரவுட்டிங்" என்று அடிக்கச் சொன்னேன். "தப்புன்னு வருதுண்ணா" என்றான். அடித்த வரிக்குக் கீழே ஒரு சின்ன கூரைக்குறி, அதன் கீழே "இன்வாலிட் இன்புட் டிடெக்டட்". பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சரி, இது எல்2 தான் என்று லேப்டாப்பை மூடிவிடுவார்கள். நெட்டில் எல்2 என்று எழுதியிருப்பதும் இதனால்தான்.

ஆனால் 2960 லான் பேஸில் 12.2(55)எஸ்இ வெர்ஷனிலிருந்து சிஸ்கோ ஒரு கதவைத் திறந்துவிட்டது. அது தானாகத் திறக்காது. சுவிட்சுக்குள் டிகேம் என்று ஒரு சிறப்பு நினைவகம் இருக்கிறது, மேக் முகவரிக்கு எவ்வளவு இடம், ஏசிஎல்லுக்கு எவ்வளவு, ரவுட்டுக்கு எவ்வளவு என்று அதைப் பங்கு போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பங்கீட்டுக்குப் பெயர் எஸ்டிஎம் டெம்ப்ளேட். வழக்கமான பங்கீட்டில் 2960 ரவுட்டிங்குக்கு வழியே வைக்காது, அதனால் கட்டளையையே மறைத்துவிடும். "எஸ்டிஎம் ப்ரிஃபர் லான்பேஸ்-ரவுட்டிங்" என்று அடித்து, ரீலோட் கொடுத்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, மறுபடி "ஐபி ரவுட்டிங்" அடித்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். தம்பிக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2960எஸ் மெதுவாக எழுந்திருக்கும் பெட்டி, அந்தச் சில நிமிடங்கள் போனில் இருவரும் பேசாமல் இருந்தோம், பின்னால் ரிச்சி ஸ்ட்ரீட் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் "எடுத்துக்கிச்சுண்ணா!" என்று கத்தினான்.

எடுத்துக்கொண்டது உண்மைதான், எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2960 லான் பேஸில் நாமே எழுதுகிற ஸ்டேட்டிக் ரவுட் 16 வரைதான். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தானாகக் கற்றுக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் கிடையாது, ரிப் கிடையாது, ஒரு போர்ட்டில் "நோ சுவிட்ச்போர்ட்" போட்டு அதை ரவுட்டர் போர்ட்டாக மாற்றவும் முடியாது, விலான் இன்டர்ஃபேஸ் (ஒரு விலானுக்கென்று சுவிட்சில் ஐபி போடும் இடம்) வழியாக மட்டும்தான் எல்லாம். சிலர் "நோ சுவிட்ச்போர்ட்" ஏற்கிறதா என்று பார்த்து எல்3 என்று முடிவு செய்யச் சொல்வார்கள், 3560க்கு அது நல்ல சோதனை, இந்தப் பெட்டிக்கு அது தவறான விடையைக் கொடுக்கும்.

அவன் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்டேன். ஆபீசுக்கு ஒரு விலான், லேபுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, வெளியே போக ஃபயர்வாலைப் பார்த்து ஒரு டிஃபால்ட் ரவுட். நாலு விலானும் சுவிட்சிலேயே நேரடியாக இருப்பவை, அவற்றுக்கு ரவுட் எழுதவே தேவையில்லை, எழுத வேண்டியது அந்த ஒன்றே ஒன்று. 16இல் ஒன்று. வாங்கிக்கொள் என்றேன். இதையே பத்து கட்டிடம், நடுவில் இரட்டை லிங்க், ஒன்று அறுந்தால் தானாக மாற வேண்டும் என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் என்னிடம் கேட்பவர்களிடம் எல்3யா என்று கேட்காதே, உனக்கு எவ்வளவு ரவுட்டிங் வேண்டும் என்று முதலில் சொல் என்கிறேன். எல்2+ என்றும் லைட் எல்3 என்றும் பெட்டியில் அச்சடித்து விற்கிற பல கம்பெனிகளின் சுவிட்சுகளும் பெரும்பாலும் இந்த வகைதான், ஸ்டேட்டிக் ரவுட் உண்டு, மற்றதை எதிர்பார்க்க வேண்டாம்.

3560, 3750 கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ரவுட்டிங் தெரிந்த பெட்டியே ஆனாலும் அது தொடக்கத்தில் அணைந்துதான் இருக்கும். ஓடுகிறதா என்று பார்க்க "ஷோ ஐபி ரவுட்" அடியுங்கள். ஓடுகிறதென்றால் மேலே "கோட்ஸ்" என்று ஆரம்பித்து சி, எஸ், ஆர், ஓ என்று எழுத்துகளுக்கு விளக்கம் நாலைந்து வரி வரும், கீழே ரவுட்கள் வரும். ஓடவில்லையென்றால் "டிஃபால்ட் கேட்வே இஸ்" என்று ஒரு வரி, "ஹோஸ்ட், கேட்வே, லாஸ்ட் யூஸ்" என்று தலைப்பு, கடைசியில் "ஐசிஎம்பி ரீடைரக்ட் கேஷ் இஸ் எம்ப்டி". அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் போதும், சுவிட்ச் இப்போது சாதாரண கம்ப்யூட்டர் போலத்தான் நடந்துகொள்கிறது என்று அர்த்தம். "ஷோ எஸ்டிஎம் ப்ரிஃபர்" என்பதையும் பாருங்கள். வழக்கமான டெம்ப்ளேட்டில் ஐபிவி4 ரவுட்டுக்கு 8கே இடம் காட்டும். யாராவது விலான் டெம்ப்ளேட் போட்டு வைத்திருந்தால் மேக் முகவரிக்கு 12கே, ரவுட்டுக்கு சுழியம். அப்படி இருக்கும்போது ரவுட்டிங்கைப் போட்டால் வேலை முழுக்க சிபியு தலையில் விழும், வேகம் படுத்துவிடும்.

ஓஎஸ்பிஎஃப் போன்ற ரவுட்டிங் புரோட்டோகால் விஷயத்திலும் கட்டளைக்குப் பின் கேள்விக்குறி போட்டால் வருகிற பட்டியலை நம்ப வேண்டாம். ஐபி பேஸ் இமேஜ் ஓடும் பழைய 3560இல் "ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1" என்று முழுதாக அடித்தால்தான் "புரோட்டோகால் நாட் இன் திஸ் இமேஜ்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லும். ஸ்டேட்டிக், ரிப், ஈஐஜிஆர்பி ஸ்டப் வரை ஐபி பேஸ் போதும், பிஜிபி வேண்டுமென்றால் ஐபி சர்வீசஸ்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு இரவு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிளையில் இருந்த 3560இல் ரிமோட்டாக உட்கார்ந்து "ஐபி ரவுட்டிங்" என்று அடித்து என்டரைத் தட்டினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை சுவிட்ச் எனக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தது "ஐபி டிஃபால்ட்-கேட்வே" என்ற வரியை வைத்து. ரவுட்டிங் ஆன் ஆன அந்த நொடியே அந்த வரி செல்லாது, சுவிட்ச் ரவுட்டிங் டேபிளைத்தான் பார்க்கும், டேபிளில் டிஃபால்ட் ரவுட் இல்லை, எனக்குத் திரும்பி வர அதற்கு வழி தெரியவில்லை. இரவுக் காவலில் இருந்த பெரியவரை எழுப்பி, போனில் வழி சொல்லி, "மேலேர்ந்து மூணாவது பெட்டிங்களா தம்பி?" என்று அவர் கேட்க, ஆமாங்கய்யா என்று பவரை அணைத்துப் போடச் சொன்னேன். கான்ஃபிகை நான் சேமிக்காததால் பழைய நிலைக்கு வந்தது. சேமித்திருந்தால் விடியற்காலை பஸ் ஏறியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ரிமோட்டில் இதைத் தொடும் முன் "ரீலோட் இன் 10" போடாமல் இருந்ததில்லை. 0.0.0.0 0.0.0.0 என்று சுழியங்களோடு டிஃபால்ட் ரவுட்டை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் "ஐபி ரவுட்டிங்". நல்லபடியாகப் போனால் ரீலோடை ரத்து செய்துவிடலாம்.

வெப் பக்கம் வழியாகப் பார்க்கிற சிறிய சுவிட்சுகளில் சிஸ்கோ எஸ்ஜி300ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எல்2 மோட், எல்3 மோட் என்று இரண்டு உண்டு, "ஷோ சிஸ்டம் மோட்" என்று கேட்டால் எதில் இருக்கிறது என்று சொல்லும். மோடை மாற்றினால் ஸ்டார்ட்அப் கான்ஃபிகை அழித்துவிட்டு ரீபூட் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் ஆபீசில் பகல் பதினொரு மணிக்கு இதைச் செய்யாதீர்கள், பேக்கப் எடுத்துவிட்டு இரவில் செய்யுங்கள். ஹெச்பி புரோகர்வ் வழி வந்தவற்றில் "ஷோ ஐபி" அடித்தால் "ஐபி ரவுட்டிங்: டிசேபிள்ட்" அல்லது "எனேபிள்ட்" என்று நேராகவே எழுதிவிடும், அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மைக்ரோடிக் கம்பெனியின் சுவிட்சுகள் வேறு மாதிரிச் சிக்கல். சிஆர்எஸ்326 வாங்கினால், அதில் ஓடும் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளில் இல்லாத ரவுட்டிங் வசதியே இல்லை, ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் அடித்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் 24 ஜிகாபிட் போர்ட் உள்ள அந்த மாடலில் இருப்பது 800 மெகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோர் சிபியு. ரவுட்டிங் அந்த சிபியு வழியாகப் போனால் ஒரு போர்ட்டின் முழு ஜிகாபிட்டைத் தொடவே திணறும். வெர்ஷன் 7இல் சுவிட்ச் சிப்புக்கே ரவுட்டிங்கைத் தள்ளிவிடும் எல்3 ஹார்டுவேர் ஆஃப்லோடிங் வந்திருக்கிறது, அதை நாமாக ஆன் செய்ய வேண்டும். ரவுட் பட்டியலில் பக்கத்தில் ஹெச் என்ற எழுத்து இருந்தால் அந்த ரவுட் சிப்புக்குப் போய்விட்டது. ஹெச் இல்லாமல் ரவுட்டிங் "இருக்கிறது" என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ரவுட் பண்ணுமா என்ற கேள்விக்குள் எந்த வேகத்தில் என்பதும் இருக்கிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, கடைசியில் நான் நம்புவது ஒரே ஒரு சோதனையைத்தான். இரண்டு லேப்டாப், ஒன்று விலான் 10 போர்ட்டில், மற்றது விலான் 20 போர்ட்டில். இரண்டிலும் கேட்வேயாக அந்தந்த விலானில் சுவிட்சின் ஐபி. ஃபயர்வாலுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வேறு யாரோ செய்த ரவுட்டிங்குக்கு சுவிட்ச் பேர் வாங்கிக்கொள்ளும். இப்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங். இரண்டும் விண்டோஸ் என்றால் ஒரே விலானில் டிடிஎல் 128 வரும், ரவுட் ஆகி வந்தால் 127. லினக்ஸ் என்றால் 64க்குப் பதில் 63. அந்த ஒன்று குறைந்ததுதான் சுவிட்ச் ரவுட் பண்ணியதற்கான கையெழுத்து. அடுத்த விலானில் இருக்கும் சுவிட்சின் ஐபிக்கே பிங் அடித்துப் பார்த்துவிட்டு ஆஹா வேலை செய்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், அதுவும் அதே பெட்டியின் முகவரிதான், பதில் வந்தாலும் அது சாட்சி ஆகாது.

பிங் வரவில்லையென்றாலும் உடனே சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்குக்குப் பெரும்பாலும் பதில் தராது, சோதனை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள். இரண்டாவது லேப்டாப்பில் கேட்வே போட மறந்தாலும் பாக்கெட் போய்ச் சேரும், பதில்தான் திரும்பி வராது. இன்னொன்று, அந்த விலானில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இல்லையென்றால் விலான் இன்டர்ஃபேஸ் டவுனாகவே கிடக்கும், அதனால் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்ய முயலாதீர்கள்.

தம்பி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சுவிட்சை ராக்கில் ஏற்றிவிட்டுப் படம் அனுப்பினான். கறுப்புத் திரையில் நாலு வரி, நாலிலும் டிடிஎல் 127. கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, லேப் பசங்க சிஸ்டத்துலேர்ந்து சிசிடிவி ரெக்கார்டருக்கும் பிங் போகுதே?"

போகத்தான் செய்யும். ரவுட்டிங்கைப் போட்டதும் எல்லா விலானுக்கும் எல்லா விலானும் வழி திறந்துவிடுகிறது, யார் எங்கே போகக் கூடாது என்பதை ஏசிஎல் எழுதித்தான் தடுக்க வேண்டும். லேப் கம்ப்யூட்டர்கள் இருக்கும் போர்ட்களில் சிசிடிவி சப்நெட்டை மறுத்து ஒரு வரி, மற்றதை அனுமதித்து ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, மறுபடி பிங் அடித்து, இந்த முறை பதில் வராத படத்தை அனுப்பினான்.